இரண்டு கிராமங்கள், 650 பெண்கள்

பெண் உடல்நலமும் நீதியும்: வரலாற்றுத் தொடர் – 9

நெருக்கடி நிலைக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களோடு சென்ற பகுதி முடிந்தது. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1977 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தி ஆட்சியை இழந்ததற்கு வட மாநிலங்களின் அந்த முகாம்களும் ஒரு பெரிய காரணம். அரசியல் கட்சிகள் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஆண்களிடம் வற்புறுத்திப் பேச எந்த அரசும் துணியவில்லை. ஆனால் திட்டம் நிற்கவில்லை. அது பெண்கள் பக்கம் திரும்பியது.

1980களில் லேப்ராஸ்கோப் கருவி முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. வயிற்றில் சிறு துளையிட்டு, சில நிமிடங்களில் கருக்குழாயை அடைத்துவிடலாம். ஒரே நாளில், ஒரே மருத்துவர், வரிசையாகப் படுக்கவைக்கப்பட்ட பல பெண்களுக்கு அறுவை செய்வது வழக்கமாகிப்போனது. டெல்லி மாநிலங்களுக்கு இலக்கு வைத்தது. மாநிலம் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மாவட்டத்திலிருந்து ஒன்றியம், ஒன்றியத்திலிருந்து துணை சுகாதார நிலையம் என்று இறங்கி, கடைசியில் அந்த எண் கிராம சுகாதார செவிலியரின் தலையில் வந்து உட்கார்ந்தது. 'இந்த மாசம் எத்தனை கேஸ்?' என்பதுதான் ஆய்வுக் கூட்டங்களில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. மார்ச் நெருங்க நெருங்க வருவாய்த் துறையும் பள்ளி ஆசிரியர்களும்கூட 'கேஸ் பிடிக்க' இறக்கிவிடப்பட்டார்கள்.

அறுவைகள் எண்ணப்பட்டன. பொருத்தப்பட்ட லூப்கள் எண்ணப்பட்டன. லூப் பொருத்திய பிறகு அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி வந்ததா, மாதவிடாய் கட்டுக்கடங்காமல் போனதா, திருமணமான நாள்முதல் வெள்ளைப்படுதலால் அவள் அவதிப்பட்டுக்கொண்டிருந்தாளா என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் இடம் இருக்கவில்லை. அவளுடைய கருப்பைமீது இவ்வளவு அக்கறை கொண்ட ஓர் அரசு, அந்தக் கருப்பையில் நோய் இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இந்தப் பகுதி, அதைப் பார்த்தவர்களைப் பற்றியது.

ராணி பங், அபய் பங் தம்பதி இருவரும் நாக்பூரில் மருத்துவம் படித்தவர்கள். அபய் பொது மருத்துவர். ராணி மகப்பேறு, பெண்நோய் மருத்துவர். 1970களின் கடைசியில் வார்தா பகுதிக் கிராமங்களில் வேலை செய்த அவர்கள், பொதுச் சுகாதாரம் படிக்க அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். படிப்பு முடிந்து 1984இல் திரும்பியபோது எங்கே வேலை செய்வது என்ற கேள்வி வந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கட்சிரோலி. மகாராஷ்டிரத்தின் கிழக்கு விளிம்பில், காடும் ஆறுகளுமாகக் கிடந்த மாவட்டம். சந்திரப்பூரிலிருந்து பிரிக்கப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோண்டு, மாடியா பழங்குடியினர் பெருமளவில் வாழும் இடம். ராணிக்கு அது அந்நிய மண் அல்ல. அவர் வளர்ந்தது சந்திரப்பூரில். 1986இல் அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் 'சர்ச்'. தேடல் என்று பொருள்படும் அந்தப் பெயருக்கு ஏற்ப, ஊருக்குள் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

ராணி பங்கிடம் வந்த பெண்கள் காய்ச்சலுக்கும் உடல் சோர்வுக்கும் மருந்து கேட்டு வந்தார்கள். பேச்சு நீண்டால், நம்பிக்கை வந்தால், வேறு விஷயங்கள் வெளிவந்தன. வெள்ளைப்படுதல், உடலுறவின்போது வலி, மாதவிடாய்க் கோளாறு, பிள்ளையில்லாத ஏக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'வெட்டை', 'உடம்புச் சூடு' என்று அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்களே, அதே பேச்சு அங்கே மராத்தியிலும் கோண்டியிலும் நடந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்தாள். இல்லாவிட்டால், பெண்ணாய்ப் பிறந்தால் இது இருக்கத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டாள்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? மருத்துவ இலக்கியத்தைப் புரட்டியபோது அதற்கு விடை இல்லை. மருத்துவமனைக்கு வந்த பெண்களைப் பற்றிய கட்டுரைகள் இருந்தன. மருத்துவமனைக்கு வராத பெண்களைப் பற்றி, அதாவது வளரும் நாடுகளின் பெரும்பான்மைப் பெண்களைப் பற்றி, ஊர் அளவில் எடுக்கப்பட்ட மகளிர்நோய் ஆய்வு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. உலகம் முழுவதும் தாய்-சேய் நலம் என்ற பெயரில் திட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் திட்டங்களில் குழந்தை இருக்கிறது, தாய் எங்கே என்று கேட்டு ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபரா மெய்னும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1985இல்தான் வந்தது. அவர்கள் பேசியது பிரசவத்தில் செத்துப்போகும் பெண்களைப் பற்றி. கட்சிரோலியில் எழுந்த கேள்வி சாகாமல், நோயோடு வாழ்ந்துகொண்டே இருக்கும் பெண்களைப் பற்றியது.

ஆய்வுக்கு வாசா, அமிர்சா என்ற இரண்டு கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த வேலையின் கடினத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பதற்கே அஞ்சும் ஊரில், உள்ளுறுப்புப் பரிசோதனைக்குப் பெண்களை எப்படி அழைப்பது? மணமாகாத பெண்ணை அழைத்தால் ஊர் என்ன பேசும்? முதலில் ஊர்ப் பெரியவர்களிடமும், தனியாகப் பெண்களிடமும் பேசி, அவர்கள் சம்மதத்தோடுதான் வேலை தொடங்கியது. பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பரிசோதனை ஊருக்குள்ளேயே, மறைவான இடத்தில், பெண் மருத்துவரால் செய்யப்பட்டது. கருப்பை வாய் திரவம், ரத்தம், சிறுநீர் எல்லாம் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டன. நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. பருவமெய்திய சிறுமியர் முதல் முதியவர்கள் வரை, மணமானவர், ஆகாதவர், கணவனை இழந்தவர் என எல்லோரும் அழைக்கப்பட்டார்கள். பத்தில் ஆறு பேர் அளவுக்கு முன்வந்தார்கள். இப்படி ஒரு பரிசோதனைக்கு, அப்படிப்பட்ட ஊர்களில், அது சாதாரண எண்ணிக்கை அல்ல. கேட்பவர்கள் சரியான முறையில் கேட்டால் பெண்கள் பேசுவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

1989 ஜனவரியில் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்ட 650 பெண்களில் 92 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மகளிர்நோயோ பால்வினை நோயோ இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 நோய்கள். அவற்றில் பாதி, பிறப்புறுப்புத் தொற்றுகள். இந்தப் பெண்களில் இதற்கு முன் எப்போதாவது மகளிர்நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றவர்கள் வெறும் 8 சதவீதம்.

92 என்ற எண்தான் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அந்தக் கட்டுரையில் அதைவிடக் கனமான இன்னொரு எண் இருக்கிறது. 55 சதவீதப் பெண்கள் தங்களுக்குத் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். மீதி 45 சதவீதத்தினர் எந்தத் தொந்தரவும் இல்லை என்றார்கள். 92ஐயும் 55ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நோய் இருந்தும் அறிகுறி எதையும் உணராத, அல்லது உணர்ந்ததை நோய் என்றே எண்ணாத பெண்கள் எத்தனை பேர் என்பது புரியும். பெண்கள் வந்து கேட்கவில்லை, ஆகவே தேவை இல்லை என்று அதுவரை அதிகாரிகள் சொல்லிவந்த சமாதானம் அந்த இடத்தில் உடைந்தது.

கருத்தடை பற்றியும் கட்டுரை நேர்மையாகப் பேசியது. பெண்களுக்கான கருத்தடை முறைகளுக்கும் மகளிர்நோய்களுக்கும் தொடர்பு தென்பட்டது. ஆனால் கண்டறியப்பட்ட நோய்களில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அதைக்கொண்டு விளக்க முடியும் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். கருத்தடைத் திட்டத்தை எதிர்க்க நினைத்தவர்களுக்கும் ஆதரிக்க நினைத்தவர்களுக்கும் வசதியாக வளைத்துச் சொல்லக்கூடிய இடம் அது. வளைக்காமல் சொன்னதால்தான் அந்த ஆய்வுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. கிராமப்புற ஆரம்ப சுகாதாரத்தின் ஓர் அங்கமாக மகளிர்நோய், பாலியல் நோய் சிகிச்சை இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை.

92 சதவீதம் எல்லா ஊருக்கும் பொருந்தும் எண் அல்ல. எதை நோய் என்று வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். லேசான கோளாறும் கடுமையான தொற்றும் ஒரே கூட்டலுக்குள் வந்திருக்கின்றன. பின்னால் இந்தியாவிலும் வெளியிலும் நடந்த ஆய்வுகளில் குறைவான எண்களும் கிடைத்தன. ஆனால் எந்த ஆய்வும் 'பிரச்சினையே இல்லை' என்று சொல்லவில்லை. கட்சிரோலி திறந்த கதவு மறுபடி மூடப்படவே இல்லை.

1991இல் ரூத் டிக்சன்-முல்லரும் ஜூடித் வாசர்ஹைட்டும் மூன்றாம் உலகப் பெண்களின் இனப்பெருக்கப் பாதைத் தொற்றுகள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த தலைப்பு 'மௌனப் பண்பாடு'. நியூயார்க்கைச் சேர்ந்த பன்னாட்டு மகளிர் நலக் கூட்டணி வெளியிட்ட அந்த அறிக்கை, பெண்கள் இயக்கங்களின் கைகளில் ஆயுதமாயிற்று. 1993இல் எகிப்திலிருந்து அடுத்த சான்று வந்தது. ஹுதா ஸுரய்க், ஹிந்த் கத்தாப், நபீல் யூனிஸ் ஆகியோர் அடங்கிய குழு கீசா மாகாணத்தின் இரண்டு கிராமங்களில் 509 பெண்களைப் பரிசோதித்தது. 52 சதவீதத்தினருக்குத் தொற்று. 63 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 56 சதவீதத்தினருக்கு, அதாவது பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அடியிறக்கம். அடியிறங்கிய கருப்பையோடு தண்ணீர் சுமந்து, வயலில் குனிந்து, மறுபடி கருவுற்று வாழ்ந்த அந்தப் பெண்களை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

கீசாவுக்குப் பக்கத்தில்தான் கெய்ரோ. அடுத்த ஆண்டே உலக நாடுகள் அங்கே கூடின.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1994 ஜூனில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 12 கறுப்பினப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். லொரெட்டா ராஸ் அவர்களில் ஒருவர். கருக்கலைப்பு 'உயிரா, தேர்வா' என்ற வாதத்திலேயே அமெரிக்கப் பெண்ணியம் சுற்றிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் போதவில்லை. அவர்களின் சமூகத்துப் பெண்களுக்குச் சம்மதம் கேட்காமலே கருப்பை அகற்றப்பட்ட வரலாறு இருந்தது. குடிமை உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்கு 1961இல் மிசிசிப்பியில் நேர்ந்தது அதுதான். பிள்ளை பெறாமலிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளைகளைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை, மூன்றும் சேர்ந்தால்தான் முழுமை என்றார்கள் அவர்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இனப்பெருக்க நீதி'. கட்சிரோலியில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு இடங்களிலும் கேட்கப்பட்டது ஒன்றே: பெண்ணின் உடல் மக்கள்தொகைக் கணக்கின் கருவி அல்ல.

1994 செப்டம்பர் 5 முதல் 13 வரை கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை, வளர்ச்சி பற்றிய ஐ.நா. மாநாட்டில் 179 நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. மாநாட்டின் பொதுச்செயலாளர் பாகிஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் நஃபீஸ் சாதிக். வாடிகனும் சில இஸ்லாமிய நாடுகளும் கருக்கலைப்புச் சொற்களை எதிர்த்துப் பல நாள் விவாதத்தை இழுத்தன. உலகப் பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. அந்தச் சத்தத்துக்கிடையே ஏழாவது அத்தியாயத்தில் ஒரு வாசகம் நிறைவேறியது. மக்கள்தொகைக் குறிக்கோள் எதுவானாலும், ஆள் சேர்க்கும் இலக்காகவோ ஒதுக்கீடாகவோ அதைக் குடும்பநலப் பணியாளர்கள்மீது சுமத்தக் கூடாது என்பதே அதன் பொருள். துணை சுகாதார நிலையச் செவிலியரின் தலையில் உட்கார்ந்திருந்த எண்ணை இறக்கிவைக்கச் சொன்ன வாசகம் அது. இனப்பெருக்க ஆரோக்கியம் என்றால் நோயில்லாமை மட்டுமல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் சேர்ந்த நலம் என்ற வரையறையும் அங்கேதான் உலக ஒப்பந்தமாயிற்று.

டெல்லியிலும் அதே ஆண்டில் காற்று மாறத் தொடங்கியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 1994 மே மாதம் தேசிய மக்கள்தொகைக் கொள்கையின் வரைவை அரசிடம் கொடுத்தது. ஏழைகளுக்கும் இயற்கைக்கும் பெண்களுக்கும் ஆதரவான கொள்கை வேண்டும், மேலிருந்து திணிக்கும் இலக்குகள் ஒழிய வேண்டும் என்றது அந்த வரைவு. முன்னோட்டமாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1995இலேயே இலக்கு முறை விலக்கப்பட்டது. 1996 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் இலக்கு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 1997 அக்டோபரில் 'இனப்பெருக்க, குழந்தை நலத் திட்டம்' தொடங்கியது. பிறப்புறுப்புத் தொற்றுகளுக்கான சிகிச்சையும் அந்தத் திட்டத்தின் பட்டியலுக்குள் வந்தது. கட்சிரோலி ஆய்வு வெளிவந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டியலுக்குள் வந்தது, பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததா?

ஆய்வக வசதி இல்லாத இடங்களில் அறிகுறியைக் கேட்டே மருந்து கொடுக்கலாம் என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. செலவு குறைவு, நடைமுறைக்கு எளிது. ஆனால் கட்சிரோலி எண்களே அதன் பலவீனத்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தன. அறிகுறி இல்லாதவளின் நோய் அதில் தப்பிவிடும். மறுபுறம், வெள்ளைப்படுகிறது என்று சொன்ன எல்லோருக்கும் பால்வினை நோய் மருந்து கொடுத்தால் தேவையில்லாத மருந்தும், வீட்டில் தேவையில்லாத சந்தேகமும் வந்து சேரும். பங்களாதேஷின் மத்லாபில் சாரா ஹாக்ஸும் குழுவினரும் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது. 'வெள்ளைப்படுதல்' என்று சொல்லும் பெண், தொற்றைத் தாண்டி, தன் களைப்பையும் கவலையையும் சேர்த்தே சொல்கிறாள் என்பதைப் பல ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். மருத்துவர் கேட்டு முடிப்பதற்குள் மாத்திரைச் சீட்டு எழுதப்படும் புறநோயாளர் பிரிவில் அதற்கு எங்கே நேரம்?

தமிழ்நாட்டின் கதையும் இதில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர், மணமாகியிருந்த 16 முதல் 22 வயதுக்குட்பட்ட 451 கிராமத்துப் பெண்களிடம் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். 53 சதவீதத்தினர் அறிகுறிகளைச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக்குப் போகவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்: பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, கடைசியாக, 'இதெல்லாம் இருக்கிறதுதானே' என்ற எண்ணம். சுகாதாரத் துறையில் முன்னணி மாநிலம் என்று பெயரெடுத்த இடத்தில் இந்த நிலை.

செங்கல்பட்டில் இந்த வேலை வேறு வழியில் நடந்துகொண்டிருந்தது. டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த தலித் பெண்களும் சேர்ந்து 1981இல் 'ருவ்செக்' அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் முதியோர் கல்வி வகுப்பு எடுத்தவர்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில், உடல்நலத்தைப் பற்றித்தான் பெண்கள் பேச விரும்பினார்கள். கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகி, தங்கள் தெருவின் பிரசவங்களையும் கருச்சிதைவுகளையும் அடியிறக்கத்தையும் தாங்களே பதிவு செய்தார்கள். ஆய்வு செய்யப்படுபவரே ஆய்வாளராவது பற்றிப் பல்கலைக்கழகங்கள் இன்று நிறையப் பேசுகின்றன; இந்தப் பெண்கள் அதை அப்போதே செய்தார்கள். சுந்தரி ரவீந்திரன் 1993இல் மார்ஜ் பெரருடன் சேர்ந்து லண்டனிலிருந்து தொடங்கிய 'ரிப்ரடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்' ஆய்விதழ், இப்படிப்பட்ட களங்களின் குரலைக் கெய்ரோ விவாதங்கள் வரை கொண்டுபோன இதழ்களில் ஒன்று.

கட்சிரோலியின் பங் தம்பதியர் பிறகு பச்சிளம் குழந்தை இறப்பின் பக்கம் திரும்பினார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைக் காக்கும் அவர்களின் முறையால் இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை அவர்களுக்கு இன்னும் பெரிய புகழைத் தந்தது. ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களின் வீட்டு வருகைகளுக்கு அடிப்படையானது அதுதான். குழந்தையைக் காக்கும் ஆய்வை அரசு தன் திட்டமாக்கிக்கொண்டது. தாயின் நோயைச் சொன்ன ஆய்வுக்கு அந்த அதிர்ஷ்டம் முழுமையாக வாய்க்கவில்லை. ரோசன்ஃபீல்டும் மெய்னும் 1985இல் கேட்ட கேள்வி அப்போதும் முடிந்துபோயிருக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் கிடைக்காத சிகிச்சையைப் பெண்கள் வேறு இடத்தில் தேடினார்கள். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போன பெண்ணிடம், 'புற்றுநோய் வந்துவிடும், எடுத்துவிடலாம்' என்று சொல்லிக் கருப்பையையே அகற்றும் வழக்கம் பல மாநிலங்களில் வளர்ந்தது. அதை எதிர்த்து, ராஜஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2019இல் கட்சிரோலி இருக்கும் அதே மகாராஷ்டிரத்தில், பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்கள் பற்றி அரசுக் குழு ஒன்று கணக்கெடுத்தது. 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் பிடிக்கும் ஒப்பந்தக்காரர்கள், மாதவிடாயை ஒரு தொல்லையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கரும்புக்காடுகள், காப்பீட்டுப் பணத்தைக் குறிவைத்த மருத்துவமனைகள், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஆகியவற்றை அடுத்த பகுதியில் பார்ப்போம்.